வைத்தியச் சீட்டுக்கு வயது வேண்டாம்

1

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் என் சிநேகிதர் ஆறுமுகம் போன மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். இரண்டு பக்கம் ஊர்ச் செய்தி. நம்முடைய தென் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, இப்போதுபோல மலையாள ராஜ்யத்திலேயே கிடக்குமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டமாக நடக்கிறதாம். கடைசி வரியில் ஒரு கேள்வி: "அங்கே வயசாளிகளுக்குச் சர்க்காரே வைத்தியம் பார்க்கிறதாமே, நிஜந்தானா? நிஜமென்றால் அதன் வழிமுறையை விவரமாக எழுதும். நாளைக்கு நமக்கும் ஒரு சர்க்கார் அமையும்போது கேட்டுப் பார்க்கலாமே."

நிஜந்தான். ஆனால் அதை விளக்க எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு வாரம் யோசித்தேன். காரணம், அந்த வழிமுறையை முழுசாக இரண்டு வருஷம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தவன் நான். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது என் கண் இல்லை, இன்னொருவருடைய கண். சரியாகத் தெரிந்தவன் எழுதினால் சுருக்கமாக முடிந்துவிடும். தப்பாகத் தெரிந்துகொண்டவன் எழுதினால்தான் எங்கெங்கே கால் வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவன். பேர் செல்லையா. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சப் படிப்பு கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தில் நடந்தது. கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்து, உலகச் சண்டைக் காலத்தில் கடல் முழுக்கச் சுற்றி, வேல்ஸ் தேசத்து இந்தத் துறைமுகத்தில் இறங்கி இந்தக் கார்த்திகையோடு ஒன்பது வருஷம். இப்போது மாவு மில்லில் வேலை. மனைவி கிளாடிஸ், இந்த ஊர்ப் பெண். நம்ம நாகர்கோவிலிலும் கிளாடிஸ்கள் உண்டு என்று நான் சொன்னதை அவள் இன்றுவரை நம்பவில்லை. எட்டு வயதில் ரூத் என்று ஒரு மகள்.

இந்தத் துறைமுகத்தில் தமிழ் பேசுகிற ஆண்கள் எட்டுப் பத்துப் பேர் இருக்கிறோம். ஒருத்தருக்குக் கடிதம் வந்தாலும், சர்க்காரிலிருந்து ஒரு தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்வேன், பதில் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் வீட்டு மாடி முன்னறையில் குடியிருக்கிறவர் அய்யாக்குட்டி மாமா. கொட்டாரத்துக்காரர். எனக்குச் சொந்தம் இல்லை. கருங்கலுக்கும் கொட்டாரத்துக்கும் இடையில் இருக்கிற தூரம் இங்கே வந்தபின் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கரி எரிக்கிற கப்பல்களில் அடுப்புக்குக் கரி தள்ளியே முப்பது வருஷம் போக்கியவர். அவர் இருந்த கப்பல் பழசாகி உடைப்புக்குப் போனபோது, அவரும் இங்கேயே இறங்கிவிட்டார். ஒரு மாலுமிகள் விடுதியில் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற வேலை.

ரூத் அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். இந்த ஊரில் பிள்ளைகள் அம்மாவை அப்படிக் கூப்பிடுவதுண்டு. வெள்ளைத் தாடியும் காதில் துளையுமாக நிற்கிற கிழவரை ஒரு குழந்தை அம்மா என்று கூப்பிடுவதைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கிளாடிஸிடம் தனியாக விசாரித்தாளாம். ரூத்துக்குத் தெரிந்த தமிழ் அந்தச் சொல்லோடு இன்னும் ஏழெட்டுத்தான். மாமா ஒரு கதையைத் தமிழில் சொல்வார். அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டுபேரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாகவே நடந்துகொள்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. கிழங்குத் தோலோடு விரல் தோலையும் சேர்த்துச் சீவ ஆரம்பித்தார். கேட்டபோது சொன்னார்: "கண்ணுக்குள்ள யாரோ கஞ்சித்தண்ணிய ஊத்தி வச்ச மாதிரி இருக்கு மக்கா. ஆளு நிக்கது தெரியுது. ஆளு யாருன்னு தெரியல."

மனுஷர் பேசுகிற இம்மாதிரிப் பேச்சை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். இதையும் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு நின்றது என் புத்தி.

ஊரில் அவருக்கு ஒரு மகள் உண்டு. பேரப்பிள்ளைகளும் உண்டு. "அப்பா, வந்துவிடுங்கள்" என்று அவள் எழுதாத கடிதம் கிடையாது. கப்பலில் இடம் வாங்கித் தர ஆளும் இருந்தது. அவர்தான் அசையவில்லை.

"எதுக்கு மாமா இங்கன கெடந்து கஷ்டப்படுதீரு? ஊருல போயி மவகூட இரும்" என்றேன்.

"நான் ஊர விட்டு எப்பிடிலே போனேன்? பெட்டிய தோளுல வச்சுட்டு, எனக்க காலுல நடந்து போனேன். இப்ப அவ கைய பிடிச்சுட்டு எறங்கணுமா? பேரப்பிள்ளைய எனக்க முன்னால கொண்டு நிறுத்தி, 'தாத்தா இருக்காரு, கும்பிடு'ன்னா, நான் செவரப் பாத்து கையத் தூக்கணுமா? கண்ணு தெளிஞ்சா போவேன். இல்லன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன்."

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: கண் தெளிய வேண்டும், தன் காலில் ஊர் போய் இறங்க வேண்டும்.

3

இங்கே சண்டை முடிந்து மூன்று வருஷத்தில் சர்க்கார் இரண்டு ஏற்பாடுகளை ஒரே நாளில் தொடங்கிவைத்தது. ஒன்று இன்ஷூரன்ஸ். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. வாராவாரம் அதில் ஒரு முத்திரை ஒட்ட வேண்டும். வேலை போனால், நோயில் படுத்தால், வயதாகி ஓய்ந்தால் அந்த முத்திரைகளைப் பார்த்துப் பணம் தருவார்கள். மற்றது வைத்தியம். ஒரு டாக்டரிடம் பேர் பதிந்துகொண்டால் நாம் சாகிற வரைக்கும் அவர் நம்மைப் பார்ப்பார். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்.

இரண்டும் ஒரே நாளில் வந்ததால் இரண்டும் ஒன்று என்றே எடுத்துக்கொண்டேன். முத்திரை இருந்தால் டாக்டர், முத்திரை இல்லாவிட்டால் டாக்டர் இல்லை என்று நானாகவே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். மாமா வேலை பார்த்த விடுதியில் நெடுநாளாக அவருக்கு அட்டையே போடவில்லை. ஆகவே முதலில் அவரை இன்ஷூரன்ஸில் சேர்க்க வேண்டும், வயசாளி என்று எழுதிவாங்க வேண்டும், அப்புறம் கண் என்று வரிசை போட்டேன்.

ஒரு நாள் லீவு போட்டு அவரைக் கைபிடித்து இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். நீளமான தாள். பேர், விலாசம் எல்லாம் நானே நிரப்பினேன். பிறந்த வருஷம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "மாமா, என்னைக்குப் பொறந்தீரு?" என்றேன்.

"அறுவத்திமூணு, வைகாசி."

நம்மவர்களுக்கு இதில் சந்தேகம் ஏது? நம்ம ஊர்ப் பக்கம் வழங்குகிற கொல்லம் ஆண்டு ஆயிரத்து அறுபத்துமூன்று. என் கை தன் பாட்டில் 1063 என்று எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மூலையில் தினமும் கொல்லம் ஆண்டைப் பார்த்து வளர்ந்த கை அது.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் தாளைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாகச் சொன்னாள்: "சார், அக்கரையிலிருந்து ஒரு ராஜா வந்து இந்தத் தேசத்தைப் பிடித்தது ஆயிரத்து அறுபத்தாறில். இந்தப் பெரியவர் அவருக்கு மூன்று வருஷம் முன்னதாகவே வந்துவிட்டாரா?"

விஷயம் புரிந்ததும் என் காது சுட்டது. மாமாவுக்கு விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "ராசாவ நான் பாக்கலன்னு சொல்லு. அடுப்படியில சோலியா இருந்தேன்" என்றார்.

நான் அங்கேயே கணக்குப் போட்டேன். கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். ஆவணியில் வருஷம் பிறந்து மார்கழிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் இருபத்துநாலு. வைகாசிக்காரருக்கு ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு சாட்சி ஆகாது. பிறப்புக்கு ஒரு காகிதம் கொண்டுவாருங்கள்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அது இன்ஷூரன்ஸ் ஆபீஸ், வயதைக் கேட்கத்தான் வேண்டும். "அப்போது டாக்டரைப் பார்க்க என்ன வழி?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் எங்கே கேட்பான்?

வீட்டில் ரூத்திடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ராஜா கதையை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "அப்பா, அப்படியென்றால் உங்கள் வருஷம் பொய் வருஷமா?"

"பொய் இல்லை. அது வேற வருஷம்" என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவளுக்குத் தமிழ் போதவில்லை.

4

காகிதம் என்றதும் எனக்கு நம்ம ஊர்ப் பகுதிக் கச்சேரிதான் ஞாபகம் வந்தது. கிராமத்து நிலவரிக் கணக்கெல்லாம் இருக்கிற ஆபீஸ். பதினைந்து வயதில் அப்பாவுக்குப் பதிலாக வரிச்சீட்டு வாங்கப் போய், வராந்தாவில் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறேன். ஊர் எது, வீட்டுப்பேர் என்ன, தகப்பன் யார், என்ன ஜாதி. இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் "என்ன விஷயமா வந்தே?" என்ற கேள்வி வரும். சர்க்கார் வாசல் என்றால் முதலில் நாம் யார் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வராந்தா என் மனசுக்குள் அப்படியே குடியேறிவிட்டது. ஆறாயிரம் மைல் தாண்டி வந்தும் நான் அதில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாமாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

மாமாவின் மருமகனுக்கு எழுதினேன். மாமாவின் தாய்மாமன் பிறந்த நாளைக் குறித்துவைத்த ஓலை ஒன்று பெட்டியில் இருக்கிறதாம். அதைத் தேடி எடுக்க நாலு மாதம். அதை நகல் எடுத்துப் பகுதிக் கச்சேரி அதிகாரியான பார்வத்தியக்காரரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க மருமகன் ஏழெட்டு நடை நடந்தானாம். பாவம், தன் விவசாயத்தை விட்டுவிட்டு நடந்தான். ஒரு வருஷம் கழித்துக் கனமான உறை வந்து சேர்ந்தது. அரக்கு முத்திரை. அழகான கையெழுத்து.

பிரித்தேன். "ஆயிரத்து அறுபத்துமூன்றாம் ஆண்டு, வைகாசி மாதம்."

என்னையே நொந்துகொண்டேன். இங்கிலீஷ் வருஷத்தையும் போடச் சொல்லி எழுத எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் அந்த ஆண்டு ஒரு சந்தேகமாகவே படவில்லை, அதுதான் காரணம்.

"மறுபடி எழுதுவோம் மாமா" என்றேன்.

"எழுது மக்கா. எங்க போயிரப்போறேன்?"

மறுபடி எழுதினேன். மறுபடி காத்திருந்தோம். அதற்குள் கஞ்சித்தண்ணி கெட்டியாகிவிட்டது. விடுதியில் கத்தியை அவர் கையில் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் ஜன்னலோரம் நாற்காலியில் இருப்பார். பூட்ஸ் சத்தத்தை வைத்து, வருவது ரூத்தா கிளாடிஸா என்று சொல்லுவார். தேங்க்யூ என்ற ஒரே வார்த்தையை வைத்து இந்தத் தேசத்தை ஓட்டுகிறவர் அவர். யாராவது மோதினாலும் தேங்க்யூ, அவர் யாரையாவது மோதினாலும் தேங்க்யூ. அந்த வார்த்தையும் அப்போது குறைந்துபோயிற்று.

5

இந்த வருஷம் மாசியில் ஒரு காலை. நான் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா தானே சாயா ஊற்றிக்கொள்கிறேன் என்று கெண்டியைச் சரித்தவர், கோப்பைக்குப் பதிலாக இடது கையில் ஊற்றிக்கொண்டார். கொதிக்கிற தண்ணீர். கத்தவில்லை. "தேங்க்யூ" என்றார்.

கிளாடிஸ் கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, துணியைச் சுற்றி, கோட்டை அவர்மேல் போட்டுவிட்டுச் சொன்னாள்: "டாக்டரிடம் போகிறோம். சார்லி, நீயும் வா." இந்த ஊரில் நான் சார்லி.

"அவருக்கு இன்னும் காகிதம் வரவில்லையே" என்றேன்.

"என்ன காகிதம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தாள்.

டாக்டர் வீடு எங்கள் தெருக்கோடியில்தான். முன்னறையில் வரிசையாக நாற்காலிகள். மூலையில் மேசை போட்டிருந்த ஒரு நடுவயதுப் பெண் கேட்டாள்: "பேர்? விலாசம்? வேறு டாக்டரிடம் பதிந்திருக்கிறாரா?" கிளாடிஸ் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினாள். "பிறந்த தேதி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிளாடிஸ் சொன்னாள்: "ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு, மே மாதம், ஏதோ ஒரு நாள்."

அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள். மாமாவின் நல்ல கையைப் பிடித்துத் தாளில் ஒரு கையெழுத்து வாங்கினாள். "உட்காருங்கள். வைத்தியச் சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும்."

"அவ்வளவுதானா? சாட்சி? முத்திரை அட்டை?" என்று நான் மேசைமேல் குனிந்து கேட்டேன்.

"எதற்கு? அவர் இங்கேதானே இருக்கிறார்?" என்றாள் அவள்.

டாக்டர் கைக்கு மருந்து போட்டுக் கட்டினார். அயர்லாந்துக்காரர், பேச்சு குறைவு. பிறகு கெண்டி கையில் எப்படிச் சரிந்தது என்று கேட்டு, ஒரு சின்ன விளக்கை எடுத்து மாமாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வெட்டி எடுத்துவிடலாம், பார்வை வரும். ஆனால் ரொம்ப நாளாக இப்படி இருந்திருக்க வேண்டுமே. ஏன் கூட்டிவரவில்லை?"

"காகிதம் வரவில்லை" என்றேன்.

"என்ன காகிதம்?" என்று அவரும் கேட்டார்.

அன்றைக்கு அந்தக் கேள்வி இரண்டாம் தடவை. 

திரும்பி வரும்போது கிளாடிஸ் பொரிந்து தள்ளினாள். "ஊருக்கெல்லாம் தாள் நிரப்பிக் கொடுக்கிற சார்லி! நம் மூன்று பேருக்கும் பதிந்தது யார்? நான். நீ ஒருநாளாவது என்னிடம் கேட்டாயா?"

"நீ இந்த ஊர்க்காரி. உன்னை மணந்ததால் எனக்கும் கிடைத்தது என்று நினைத்தேன்" என்றேன்.

அவள் நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்தாள். அப்புறம் மாமாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடென்று முன்னால் நடந்தாள்.

மாமாவுக்கு விஷயம் முழுக்கத் தெரிய வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். காகிதமே தேவை இல்லை, இரண்டு வருஷமும் வீண், தப்பு என்னுடையது. அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுலே. நீயும் எனக்க கூடத்தானே காத்துக் கெடந்தே" என்றார்.

6

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொல்லித் தாள் வந்தபோது மாமா மாட்டேன் என்றார்.

"முத்திரை ஒட்டாத ஆளு போயி அவனுக்க கட்டிலுல படுக்கதா? நம்ம ஊருல தர்ம ஆசுபத்திரி இல்லியா? அதுக்கே நான் போனவன் இல்ல. ஓசியில எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்கா."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கிளாடிஸ் என்னவென்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் போய், மாமாவின் சட்டைப் பையிலிருந்து புகையிலைப் பையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதை வாங்கும்போது விலையில் பாதிக்குமேல் சர்க்காருக்கு வரி. அந்த வரியிலிருந்துதான் ஆஸ்பத்திரி நடக்கிறது. இத்தனை வருஷம் இந்த மனுஷர் ஊதின ஊதுக்கு ஒரு கட்டில் என்ன, ஒரு வார்டே கட்டியிருக்கலாம் என்று சொல்லு."

சொன்னேன். மாமா பையைத் தடவிப் பார்த்தார்.

"அப்பிடியா? அப்ப நான் ஊதினதெல்லாம் வீணாப் போகல?"

"போகல மாமா."

"அடுத்தவனுக்க கண்ணுக்கும் நான் குடுத்திருக்கேன்னு சொல்லுதியா?"

"ஆமா."

"அப்ப போலாம்லே. எனக்கு உள்ளத வாங்கதுக்கு என்ன வெக்கம்?"

ஆறுமுகம் அண்ணாச்சி, நீர் கேட்ட வழிமுறை இதுதான். பென்ஷன் கதவுக்கு முத்திரையும் வேண்டும், வயதும் வேண்டும். மாமாவைப்போலக் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. வைத்தியக் கதவுக்கு இரண்டும் வேண்டாம். இங்கே குடியிருந்தால் போதும். வயசாளியா வாலிபனா என்று பேதமில்லை. ஒரே சீட்டுத்தான். எல்லாம் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். முதலில் எல்லாம் இனாமாக இருந்தது. இப்போது மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங், பல்லுக்கும் கண்ணாடிக்கும் கையிலிருந்து கொஞ்சம் என்று வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்போர் அறையில் இருமிக்கொண்டே, சர்க்காரைத் திட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் திட்டிவிட்டு உள்ளே போகிறார்கள், மருந்தோடு வெளியே வருகிறார்கள்.

நமக்கு ஒரு சர்க்கார் வரும்போது கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில் என்பதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: வாசலில் உட்காருகிறவர் முதலில் என்ன கேட்பார்? அந்த முதல் கேள்வி சரியாக இருந்தால், மிச்சம் மெல்ல மெல்ல வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

7

ஆனி மாதம் கட்டில் கிடைத்தது. ஒரு தடவைக்கு ஒரு கண்ணுதான். முதலில் வலது.

ஆபரேஷன் அன்று காலை நான் போனபோது, மாமா ஆஸ்பத்திரிச் சட்டையில் கட்டிலில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அய்யா வழி என்கிற மார்க்கத்துக்காரர். அவர்கள் கோவிலான பதியில் கும்பிட நிற்கும்போது தலைப்பாகை கட்டி நிற்பது அவர்கள் வழக்கம். குனியாமல், தலையில் கிரீடம் வைத்தவன்போல நிற்க வேண்டும். இந்தத் தேசத்தில் அவர் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை.

வார்டுத் தலைவியான நர்ஸ் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "இது என்ன?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: கடவுளுக்கு முன்னால் போகும்போது கட்டுவது.

"கடவுளிடம் போகவில்லை, கத்தியிடம்தான் போகிறார் என்று சொல்லுங்கள். திரும்பி வருவார்."

அதைச் சொன்னேன். மாமா கட்டுகிறதை நிறுத்தவில்லை. "அவ சொல்லது சரிதான். ஆனா கண்ணத் திறந்து விடுதவனுக்க முன்னால நான் வெறுந்தலையா நிக்க மாட்டேன்னு சொல்லு."

நான் சொன்னதைக் கேட்டு நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் கட்டிக்கொள்ளட்டும். அங்கே நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்" என்றாள். சக்கரக் கட்டிலில் தலைப்பாகையோடு நிமிர்ந்து உட்கார்ந்து அவர் போனார். படுக்கச் சொன்னால் கேட்டால்தானே? கதவண்டை கட்டில் நின்றதும் துணியைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். அவள் அதை மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். 

வெட்டி எடுத்தபின் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டார்கள். பத்து நாள் தலை அசையக் கூடாது. இருமக் கூடாது. தும்மக் கூடாது. சிரிக்கவே கூடாது. தையல் விட்டால் கண் போச்சு. பார்க்கப் போகிற நேரத்தில் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்களைப் பற்றி உங்கள் மனைவி சொல்லியிருக்கிறார். வாயைத் திறக்காமல் இருப்பதானால் போங்கள்" என்றாள்.

போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் நான் வாய் பேசாமல் இருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்.

"ஏலே, யாரு இது?" என்றார் உதட்டை மட்டும் அசைத்து. "செல்லையாவா? செல்லையான்னா பேசியிருப்பானே. ஆளு மாறி வந்துட்டீரா?"

நான் பல்லைக் கடித்தேன்.

"பத்து நாளா ஒரு பொகை விடல மக்கா. பாவம், இவங்களுக்கு வரி கொறையுமே."

சொல்லிவிட்டு அவருக்கே உதடு துடித்தது. நர்ஸ் விறுவிறென்று வருவதைக் கண்டு நான் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

8

காயம் ஆறி, கண்ணாடி கொடுக்க ஆறு வாரத்துக்குமேல் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு அவரைக் கூட்டிப்போனேன். கண்ணாடி என்றால் சோடாப் புட்டியின் அடிப்பாகம்போல. அவர் மூக்கில் அதை மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார்.

 மாமா தலையை மெதுவாகத் திருப்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எனக்க தெய்வமே. இந்தச் சட்டையப் போட்டுட்டா இம்புட்டு நாளா என்னக் கூட்டிட்டு அலைஞ்சே?"

வெளியே வந்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினேன். தட்டிவிட்டார். "நீ பின்னால வா. பத்தடி தள்ளி வா."

வந்தேன். தடித்த கண்ணாடியில் எல்லாம் கிட்டத்தில் தெரியுமாம். முதலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வாய்க்காலைத் தாண்டுகிறவர்போல நடந்தார். கடைப் பலகைகளுக்கு முன்னால் நின்றார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். வருகிற பஸ்ஸின் எண்ணையெல்லாம் உரக்கத் தமிழில் வாசித்தார். ஒரு பெண்பிள்ளை இவர்மேல் இடித்துவிட்டாள். "தேங்க்யூ" என்று சொல்லி, இரண்டு கையையும் கூப்பினார். தெருவைக் கடக்கிற இடம் வந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க ஒரு கால் எடுத்தேன். அவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், ஒரு பால் வண்டியைப் போகவிட்டார், கடந்தார்.

எங்கள் தெருவில் நுழைந்தபோது நின்று என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"மத்தக் கண்ணுக்கு எப்பலே?"

"தை மாசம் கூப்பிடுவாங்க மாமா."

"அதுவும் ஆகட்டும். பங்குனியில கப்பலு இருக்குமான்னு கேட்டு வை." பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்க மவளுக்கு நீ எழுதாண்டாம். நானே எழுதுதேன்" என்றார்.

வீட்டு வாசலுக்கு என்னை முந்திக்கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எத்தனையோ மாதமாகக் கதவை யாராவது திறந்துவிட வேண்டியிருந்த மனுஷர். சாவித் துவாரத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். ஒரே குத்தில் சாவி உள்ளே போயிற்று. கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து மாடிப்படியில் ஏறத் தொடங்கினார். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.  இப்போது எனக்குத்தான் கண் சரியாகத் தெரியவில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது.

"யாருலே அது வாசல்ல நிக்கது? கதவச் சாத்திட்டு உள்ள வா. குளிரு வருது."